பிள்ளை பிடிக்கும் டாக்டர்

எங்கள் டாக்டருக்கு நான் வைத்த பட்டப்பெயர் 'பிள்ளை பிடிக்கிறவர்'. முகத்துக்கு நேராகவே சொல்வேன். கோபம் வராது அவருக்கு. "எங்க பிடிச்சேன் ஸ்டெல்லா? எல்லாம் நழுவி நழுவிப் போகுது" என்று சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைப்பார்.

எழுபதுகளில் நான் அவருடைய கிளினிக்கில் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தேன். தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் கீழ்த்தளம். மாடியில் நகை செய்கிற ஆசாரி தட்டிக்கொண்டே இருப்பார். பக்கத்தில் மிளகாய் அரைக்கிற மில். காய்ச்சலுக்கு வருகிறவர்கள் உள்ளே நுழைவதற்குள் தும்மலையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். நான் குவீன்ஸ்டவுனிலிருந்து பஸ் ஏறி வருவேன். எண் அட்டை கொடுப்பது, மாத்திரையைக் கவரில் போட்டு எப்போது சாப்பிட வேண்டும் என்று தமிழிலும் மலாயிலும் அரைகுறை ஹொக்கியன் சீனத்திலும் சொல்வது, டாக்டருக்குச் சீனியில்லாத கறுப்புக் கோப்பி வாங்கி வருவது, இவைதான் என் வேலை.

குள்ளமான பெண்மணி அவர். வெளுத்த பருத்திப் புடவை, கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம், புடவைக்குக் கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. "நாள் முழுக்க நிக்கிற காலுக்கு அழகு எதுக்கு?" என்பார். குரல் மட்டும் ஆளுக்குச் சம்பந்தமில்லாமல் பெரியது. உள்ளே ஒருவருக்கு மூலம் என்றால் வாசல் ஐந்தடிப் பாதையில் பூக்கட்டுகிறவருக்கும் தெரிந்துவிடும். எத்தனையோ தடவை நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

மருத்துவக் கல்லூரியிலிருந்து நாலாம் வருஷப் பிள்ளைகளைக் கொஞ்ச நாளைக்கு இப்படிப்பட்ட கிளினிக்குகளுக்கு அனுப்புவார்கள். பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது. பிள்ளைகளுக்கு அது ஒரு உல்லாசப் பயணம். தேக்காவில் நல்ல மட்டன் பிரியாணி எங்கே கிடைக்கும் என்று முதல் நாளே என்னிடம் கேட்பார்கள். எங்கள் டாக்டருக்கோ அதுதான் திருவிழாக்காலம். அந்தச் சில நாளைக்குள் ஒரு பிள்ளையையாவது பிடித்துவிட வேண்டும் அவருக்கு.

எதற்குப் பிடிக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் டாக்டரைப்போல் எல்லா நோயும் பார்க்கிற பொது டாக்டருக்கு ஜி.பி. என்று பெயர். ஜி.பி. ஆகச் சொல்லி அவர் யாரையும் கெஞ்சவில்லை. தெருவுக்குத் தெரு பலகை மாட்டிய ஜி.பி.க்கள் அப்போதே நிறையப் பேர் இருந்தார்கள். ஜி.பி. வேலையையே ஒரு படிப்பாக எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்திலேயே இருந்து ஆராய்ச்சி செய்து, அடுத்தடுத்து வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு தேநீர் விருந்தில் இதைப் பல்கலைக்கழகத்தில் பெரிய பதவியில் இருந்த ஒருவரிடம் கேட்டுவிட்டார். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே, "இருமலுக்கும் சளிக்கும் பேராசிரியர் எதுக்கு, டாக்டர்?" என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். "சரி, முழுநேரமா இதுக்குன்னே வர ஒரு இளம் டாக்டரைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்று கடைசியில் ஒரு வார்த்தை போட்டிருக்கிறார். அவர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். எங்கள் டாக்டர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களே போக வேண்டியதுதானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு வயசாச்சு. மேல்படிப்பும் கிடையாது. வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்கிறதுன்னா சின்னப் பிள்ளையாத்தான் பாப்பாங்க. சும்மா இரு, அடுத்த நம்பரைக் கூப்பிடு."

வருகிற பிள்ளைகளுக்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். முதல் நாள் காலை வெள்ளைக் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட வேண்டும். எண் அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு நோயாளிகளோடு வெளிப்பெஞ்சில் உட்கார வேண்டும். தங்கள் எண் வரும்போதுதான் உள்ளே போகலாம். ஆஸ்பத்திரி வார்டுகளில் பெரிய டாக்டருக்குப் பின்னால் வரிசையாக நடந்து பழகிய பிள்ளைகளுக்கு இது பெரிய அவமானமாக இருக்கும். இருதய நிபுணர் ஒருவரின் மகன் அப்படி உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த ஓர் அம்மா அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, எந்தப் பேட்டையில் வீடு, தனியறை இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டார். அவன் காது சிவக்க உள்ளே போனான்.

"வெளியில என்ன கேட்ட?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் இல்ல டாக்டர். அந்த ஆன்ட்டிதான் ரொம்பப் பேசினாங்க. பெரிய மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறாங்களாம். அந்தக் கவலையில தூக்கமே இல்லையாம். சுகர் மாத்திரை போட்டா மயக்கமா வருதுன்னு நிறுத்திட்டாங்களாம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மாத்திரைய நிறுத்தினத என்கிட்ட அவங்க சொன்னதே இல்ல. வருஷக்கணக்கா வர்றாங்க. உன்கிட்ட அரை மணி நேரத்துல சொல்லிட்டாங்க. ஏன்னு யோசி. இது எந்த வார்டுல உனக்குக் கிடைக்கும்?"

அவன் யோசித்தான் என்றுதான் நினைக்கிறேன். பிற்பாடு அவனும் இருதய நிபுணராகத்தான் ஆனான். ஒவ்வொரு தீபாவளிக்கும் டாக்டருக்குப் பெரிய சாக்லெட் டப்பா அனுப்புவான். அதைப் பிரிக்கும்போதெல்லாம் டாக்டர் பெருமூச்சு விடுவார். சாக்லெட்டை நான்தான் சாப்பிடுவேன்.

இப்படி எத்தனை பேர்! ஒரு சீனப் பெண் வந்தாள், கெட்டிக்காரி, ஏழெட்டு நாளில் நோயாளிகளிடம் தமிழில் 'எங்க வலிக்குது?' என்று கேட்கக் கற்றுக்கொண்டாள். டாக்டர் அவளுக்குத் தினமும் தோசை வாங்கிக் கொடுத்துப் பேசிப் பேசிப் பார்த்தார். தோல் வைத்தியம் படிக்கப் போய்விட்டாள். இன்னொருவன் 'கட்டாயம் வர்றேன் டாக்டர்' என்று சத்தியம் செய்துவிட்டு ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டான். ஒவ்வொரு முறையும் முதல் நாள் மாலை டாக்டர் கண் பளபளக்க என்னிடம் வருவார். "ஸ்டெல்லா, இந்தத் தடவை ஒண்ணு தேறும் போல இருக்கு." நானும் "பாப்போம் லா" என்பேன். எங்கள் பங்குக் கோயிலில் சாமியார் ஆவதற்குப் பையன் தேடிய பாதிரியாரைப் பார்த்திருக்கிறேன். அவர்கூட இவ்வளவு பாடுபடவில்லை.

டாக்டர் நோயாளிகளிடம் முதலில் கேட்கும் கேள்வி 'என்ன செய்யுது?' என்பதில்லை. 'ஏன் இன்னிக்கு வந்தீங்க?' என்பதுதான். புதிதாக வருகிறவர்கள் திகைப்பார்கள். ஒருவர், "வேற நாள்தான் வரணுமா டாக்டர்?" என்று எழுந்தே விட்டார். முதுகு வலி ஒரு மாதமாக இருக்கும். ஆனால் மனிதர் இன்றைக்குத்தான் கிளம்பி வந்திருக்கிறார். இன்றைக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் ஊசி போட்டு என்ன பயன் என்பார். "ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நோய்க்குப் பேர் வச்சாச்சு. நம்மகிட்ட வரும்போது அதுக்கு இன்னும் பேரே இல்ல. பேர் இல்லாததைப் பாக்கிறதுக்குத்தான் ரொம்பப் படிக்கணும்." இதை மாணவர்களிடம் அவர் சொல்லிச் சொல்லி, எனக்கே மனப்பாடம்.

செல்வராஜ் வந்தது எழுபதுகளின் பிற்பகுதியில். செம்பவாங்கில் வளர்ந்தவன். அப்பா வெல்டிங் வேலை செய்து படிக்க வைத்த பிள்ளை. ஒல்லி, கை மட்டும் நீளம். சர்ஜன் ஆகப் பிறந்த கை என்று கல்லூரியில் எல்லாரும் சொல்வார்களாம். அவனே அதை வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். டாக்டர் அவனைப் பற்றி என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. சர்ஜன் கையைப் பார்த்ததும் நம்பிக்கையை விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கிளினிக்கில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் என்று ஒன்று உண்டு. பக்கத்துத் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெல்டிங் ஆட்கள். ஏதோ ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை. செவ்வாய்க்கிழமை காலையில் நாலைந்து பேராக வந்து நிற்பார்கள். நேற்று ராத்திரி குளிர்காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலி என்பார்கள். காய்ச்சல் பார்த்தால் கொஞ்சமும் இருக்காது. எம்.சி. வேண்டும், ஒருநாள் லீவுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட். அவ்வளவுதான். நான் அவர்களுக்கு 'செவ்வாய்க் கட்சி' என்று பெயர் வைத்திருந்தேன். மற்ற கிளினிக்குகளில் அவர்களை விரட்டுவார்கள். டாக்டர் விரட்டமாட்டார், ஆனால் அவருக்கும் பிடிபடவில்லை.

அன்றைக்கு செல்வராஜ் உள்ளே இருந்தான். மூன்றாவது ஆள் எழுந்து போனதும் சிரித்துவிட்டான். "சும்மா எம்.சி. எடுக்க வர்றாங்க டாக்டர். ஞாயித்துக்கிழமை நல்லாப் போட்டிருப்பாங்க."

"அப்ப திங்கக்கிழமை இல்ல வரணும்?" என்றார் டாக்டர். "ஏன் செவ்வா?"

அடுத்த ஆள் உட்கார்ந்தார். நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததிலிருந்து வாயெல்லாம் ஒருமாதிரி இனித்தது, தண்ணீர் குடித்தாலும் இனித்தது என்றார். செல்வராஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். நான் கவுண்டரிலிருந்து பார்த்தேன், முகம் வெளிறிப்போயிருந்தது.

"எங்கப்பா சொல்வாரு" என்றான். "தண்ணி இனிக்குதுன்னு. திங்கக்கிழமை சாயந்திரம் வந்து போர்வையைப் போத்திக்கிட்டு நடுங்குவாரு. காலையில சரியாப் போயிடும். சின்ன வயசிலேருந்து பாத்திருக்கேன் டாக்டர்."

அன்று மதியம் இரண்டு பேரும் சாப்பிடவே இல்லை. டாக்டரின் அலமாரியிலிருந்த தடித்த புத்தகங்களைப் புரட்டினார்கள், அவன் கல்லூரி நூலகத்துக்கு ஓடினான். துத்தநாகம் பூசிய இரும்பைப் பற்றவைக்கும்போது வரும் புகைதான் காரணம். மூச்சில் போனால் சில மணி நேரத்தில் காய்ச்சல் வரும், மறுநாள் போய்விடும். தினமும் புகைக்குள் இருந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். ஞாயிறு ஒருநாள் ஓய்ந்தால் பழக்கம் விட்டுப்போகும், திங்களன்று மறுபடி முதலிலிருந்து. புத்தகத்தில் இது ஒரு சின்னப் பத்தியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் காய்ச்சல் போய்விடுவதால் வார்டில் யாரும் பார்த்ததில்லை. எங்கள் கண்முன்னால் வாராவாரம் வந்து நின்றிருக்கிறது, நான் அதற்குக் கட்சிப் பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு செல்வராஜ் கிளினிக்கை விட்டுப் போகவில்லை. அனுப்பிய நாள்கள் முடிந்த பிறகும் செவ்வாய்தோறும் வகுப்புக்கு முன்னால் வந்துவிடுவான். ஆட்களோடு அறைக்குப் போவான், எந்த இரும்பு, எந்த மூடிய இடம், எப்போது காய்ச்சல் என்று கேட்பான். டாக்டர் தொழிலாளர் உடல்நலம் பார்க்கும் அதிகாரியிடம் நடையாய் நடந்தார். கடைசியில் அந்த வேலையிடத்தில் புகையை இழுக்கும் விசிறி வைத்தார்கள். செவ்வாய்க் கூட்டம் கரைந்தது. செல்வராஜ் அதை எழுதி ஜி.பி.க்கள் கூட்டம் ஒன்றில் வாசித்தான். டாக்டர் முன்வரிசையில் உட்கார்ந்து, அவன் வாசிக்கும் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

அவன் டாக்டராகி, ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து, சர்ஜரியில் இடமும் கிடைத்த சமயம். ஒரு சனிக்கிழமை மதியம் கிளினிக் மூடும் நேரத்தில் வந்தான். நான் மருந்து பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், சர்ஜரிக்குப் போகல. நீங்க சொன்ன வேலைக்கு நான் போறேன். பல்கலைக்கழகத்துல போய்க் கேட்டுட்டேன். ஒருத்தர் வந்தா அனுப்பிப் படிக்க வைக்கிறோம்னு சொல்லிட்டாங்க."

டாக்டர் எழுந்து குதிப்பார், என்னைக் கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியில் அப்படியே இருந்தார். பிறகு அவர் பேசியதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வேணாம் செல்வா."

"என்ன டாக்டர்?"

"சம்பளம் கம்மி. கூடப் படிச்சவன் எல்லாம் சர்ஜன்னு போர்டு மாட்டுவான். உன்னைப் பாத்து, 'இருமல் பேராசிரியர்'னு சிரிப்பான். ஒரு ரூம்கூடச் சரியாத் தரமாட்டாங்க. உனக்கு மேல ஆள் இல்ல, கை குடுக்க ஆள் இல்ல. உங்கம்மா என்ன சொல்வாங்க? நல்ல கை உனக்கு. போ, சர்ஜரிக்கே போ."

"இத்தனை வருஷமா எல்லாரையும் வா வான்னு கூப்பிட்டீங்களே!"

"கூப்பிட்டேன். யாரும் வரமாட்டாங்கங்கிற தைரியத்துல கூப்பிட்டிருக்கேன் போல."

அவன் சிரித்துக்கொண்டே, "யோசிச்சுட்டுத்தான் வந்தேன் டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். டாக்டர் மருந்து அறைக்குள் வந்து, என் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். அந்தப் பெரிய குரலுக்கு அழுகை மட்டும் சத்தமே இல்லாமல் வந்தது. "கிணத்துல குதி, குதின்னு ஊரையே கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன் ஸ்டெல்லா. இன்னிக்கு ஒருத்தன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிறான். இப்பத்தான் ஆழம் பாக்கணும்னு தோணுது." கோப்பி வாங்கி வந்து கொடுத்தேன். அவரை எனக்கு எப்போதுமே பிடிக்கும். அன்றிலிருந்து மரியாதையும் கூடிவிட்டது.

அடுத்த வாரம் செல்வராஜின் அம்மா வந்தார். எண் அட்டை வாங்கவில்லை. நேராக உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"நீங்கதானா டாக்டர் என் பிள்ளையப் பிடிச்சு வச்சுக்கிட்டவங்க? சர்ஜன் ஆகுறேன்னு இருந்த பிள்ளை. எங்க அடுக்குமாடி புளோக் முழுக்கச் சொல்லிட்டேன். இப்ப சாதா டாக்டருக்கு வாத்தியாராப் போறேங்குறான். உங்களுக்கு நாங்க என்ன கெடுதல் செஞ்சோம்?"

"நானும் போகாதேன்னுதான்மா சொன்னேன்" என்றார் டாக்டர்.

சண்டைக்குத் தயாராக வந்த அந்த அம்மா, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து செல்வராஜ் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். அம்மா தேக்காவுக்குக் கிளம்பிவிட்டதாக வீட்டிலிருந்து யாரோ போன் செய்திருக்கிறார்கள்.

"அம்மா, வா போகலாம்."

"போகமாட்டேன். எதுக்கு இந்த வேலைக்குப் போறேன்னு இவங்க முன்னாடியே சொல்லு."

அவன் டாக்டரைப் பார்த்தான். அம்மாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டான்.

"அப்பா திங்கக்கிழமை நடுங்குவாருல்ல. ஞாயித்துக்கிழமை குடிச்சதுக்குத்தான்னு நீ திட்டுவ. இல்ல இல்லன்னு சத்தியம் பண்ணுவாரு. அவரு குடிக்கலம்மா. இத உன்கிட்டச் சொல்ல எனக்கு இத்தனை நாளா வாய் வரல. வேலையில அந்தப் புகைதான். ஊர்ல எல்லா டாக்டரும் நீ நெனச்சதத்தான் நெனச்சாங்க. நானும் நெனச்சேன். இத யாராவது படிச்சிருந்தா, யாராவது சொல்லிக் குடுத்திருந்தா, அப்பவே தெரிஞ்சிருக்கும்."

அந்த அம்மா அவனையே பார்த்தார். கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து திட்டியிருக்கேன்டா" என்றார். "சோறு போடாம இருந்திருக்கேன்."

வெளியே எண்ணுக்காகக் காத்திருந்தவர்கள்கூட இருமுவதை நிறுத்திவிட்டதுபோல் இருந்தது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வீட்டுக்குப் போகணும். அவரு மத்தியானம் சாப்பிட வந்துடுவாரு" என்றார். மகன் எந்த வேலைக்குப் போக வேண்டும் என்று அதன்பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

செல்வராஜ் படிக்க வெளிநாடு போனான், திரும்பி வந்தான். எண்பதுகளின் நடுவில் பல்கலைக்கழகத்தில் அவனுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். டாக்டர் சொன்னதுபோலவே சின்ன அறை, பக்கத்தில் பழைய சாமான் போடும் இடம். கூடப் படித்தவர்கள் சிரிக்கவும் செய்தார்கள். அவன் முதலில் தொடங்கியது, ஏற்கெனவே கிளினிக் நடத்திக்கொண்டிருக்கும் ஜி.பி.க்களுக்குச் சனிக்கிழமை மதிய வகுப்பு. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது எங்கள் டாக்டர். அதற்குள் அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. புதுப் பேனா ஒன்று வாங்கினார். வகுப்பு முடிந்ததும் சேர்ந்தே டாக்ஸியில் போகலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் போய் முன்வரிசையில், நடுவில் உட்கார்ந்துகொண்டார். செல்வராஜ் உள்ளே வந்தான், கழுத்துப் பட்டையைச் சரிசெய்தான், வாயைத் திறந்தான். எதிரில் அவரைப் பார்த்ததும் குரல் வரவில்லை. சாக்குக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அறை முழுக்க நரைத்த தலைகள், அவனைவிட மூத்த டாக்டர்கள், காத்திருந்தார்கள்.

டாக்டர் எழுந்து நின்றார். அவனை 'டேய்' என்றும் 'செல்வா' என்றும் தவிர அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்கு அந்தப் பெரிய குரலில், அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஆரம்பிங்க சார். நாங்க படிக்கத்தான் வந்திருக்கோம்."